முதுகின் குறுக்கே ஒரு கோடு

வேலை என்ன என்று யாராவது கேட்டால் ‘ஆராய்ச்சி’ என்று சொல்லி அதோடு நிறுத்திக்கொள்வேன். மேலே கேட்டால்தான் வம்பு. ஒரு முறை கரமனையில் எதிர்வீட்டு மாமி விடாமல் கேட்டதால் மூச்சுவிடாமல் சொல்லிவிட்டேன்: மண்ணில் சிற்றுண்ணி என்று ஒரு உயிர் இருக்கிறது, நாயின் காதில் ஒட்டியிருக்கும் உண்ணிக்குத் தூரத்துச் சொந்தம், ரவையில் ஒரு மணியைவிடச் சிறியது, எட்டுக் கால், அதில் ஒரு கூட்டம் மற்றப் பூச்சிகளை வேட்டையாடித் தின்னும், அந்தக் கூட்டத்தை இனம் பிரித்துப் பெயர் வைப்பதுதான் என் வேலை. மாமி பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அதுக்கெல்லாம் பேர் வச்சுக் கூப்ட்டா வருமாடி?” என்றாள். வராது என்று ஒப்புக்கொண்டேன்.

தினமும் கரமனையிலிருந்து கிழக்கேகோட்டைக்கு ஒரு பஸ், அங்கிருந்து கழக்கூட்டம் போகும் பஸ். கழுத்தில் அட்டை தொங்கும் கம்ப்யூட்டர் பிள்ளைகளுக்கு நடுவே, மடியில் ஈர மண் பொட்டலத்தோடு உட்கார்ந்திருப்பவள் நான்தான்.

எங்கள் ஆய்வகத்தில் வேலை நடக்கும் விதம் எளிது. தகரப் புனலின் வாயில் ஒரு சல்லடை, சல்லடைமேல் மண், மண்ணுக்கு மேலே எரியும் குண்டு பல்பு. சூட்டுக்கும் வெளிச்சத்துக்கும் பயந்து மண்ணில் இருப்பதெல்லாம் கீழே கீழே இறங்கும். கடைசியில் புனலின் காம்பு வழியாக ஆல்கஹால் சீசாவில் விழுந்து சாகும். அதை ஊசிமுனையால் எடுத்து, அமிலத்தில் ஊறவைத்து உடம்பை ஊடுருவிப் பார்க்கும்படி ஆக்கி, ஸ்லைடில் ஒரு சொட்டுப் பசைநீரில் வைத்து, மேலே மெல்லிய கண்ணாடிச் சில்லால் மூடவேண்டும். காய்ந்த பிறகு ஓரங்களில் நெயில் பாலிஷ் பூசவேண்டும். இல்லாவிட்டால் இந்த மலையாள ஊரில் ஜூனில் பிடிக்கும் இடவப்பாதி மழையில் பசைநீர் ஈரம் குடித்து மறுபடி இளகிவிடும். சாலைக் கடைத்தெருவில் நிறமில்லாத நெயில் பாலிஷை டஜன் டஜனாக வாங்குவேன். கடைக்காரர் என் மொட்டை நகங்களைப் பார்த்துவிட்டு, “இதெல்லாம் யாருக்காக்கும்?” என்றார். “செத்துப்போன பூச்சிகளுக்கு” என்றேன். அதற்குப் பிறகு அவர் கேட்டதில்லை.

இதில் கண்ணாடிச் சில்லை மூடுவதுதான் கைப் பழக்கம். கை லேசாக இருந்தால் காற்றுக்குமிழி நின்றுவிடும், கால்கள் சுருண்டு கிடக்கும். கொஞ்சம் அழுத்திவிட்டால் முதுகு விரிசல் விடும். எங்களிடம் அதைச் செய்துவந்தவர் ஆய்வக உதவியாளர். பாறசாலைக்கு அப்பால் எல்லையோரத்து ஊர், தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பம், என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். லேப் முழுக்க அவருக்குச் ‘சேட்டன்’. தமிழில் பேசிக்கொள்வதால் எனக்கு மட்டும் அண்ணா. சில்லைச் சாய்த்து இறக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொள்வார். இறங்கி முடிந்ததும் விடுவார். அறையில் இருக்கும் எல்லோரும் அதுவரை சேர்ந்து மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்போம்.

இனி முதுகைப் பற்றிச் சொல்லவேண்டும். இந்த உயிர்களின் முதுகில் பழுப்பு நிறத்தில் ஒரு தட்டு கவசமாக இருக்கும். அதில் எத்தனை ரோமம், எது நீளம், எது குட்டை, எந்தக் கால் கணுவில் எத்தனை முள் என்று எண்ணி, வரைந்து, அதை வைத்துத்தான் எந்தப் பேரினம் என்று முடிவு செய்வோம். (ஆராய்ச்சிக் கட்டுரையில் வேறு சொல் எழுதுவோம்; கரமனைத் தெருவில் அதை வாயால் சொல்ல முடியாது, அதனால் ரோமம்.) பேரினம் என்பது பல இனங்களுக்குப் பொதுவான வீட்டுப் பெயர் மாதிரி. நான் பார்க்கும் குடும்பத்தில் வளர்ந்த உயிருக்கு முதுகுத் தட்டு ஒன்றுதான், முழுசாக. குஞ்சாக இருக்கும்போது அது இரண்டு துண்டாக இருக்கும். தோலுரித்து வளர வளர ஒன்றாகிவிடும். புத்தகங்கள் அப்படித்தான் சொல்லின. பாடம் எடுத்தால் நானும் அப்படித்தான் சொல்வேன்.

அண்ணா செய்த ஸ்லைடுகளில் அவ்வப்போது ஒன்று, முதுகின் குறுக்கே கோட்டோடு வந்தது. வளர்ந்த பெண் உயிர்தான், மற்றதெல்லாம் சரி, தட்டு மட்டும் நடுவில் இரண்டாகக் கிடக்கும். முதலில் ஒன்றிரண்டு முறை நயமாகச் சொன்னேன். என் நயம் ஒன்றிரண்டு முறைக்கு மேல் தாங்காது.

“அண்ணா, மறுபடியும் உடைச்சுட்டேளே.”

“நான் அமுக்கல்ல டீச்சர்.”

“அமுக்காம எப்படி உடையும்? தானே முதுகை முறிச்சுண்டு சீசால விழறதா?”

அவர் ஸ்லைடை மறுபடி லென்ஸுக்குக் கீழே வைத்துப் பார்த்தார். “உடைஞ்சா ஓரம் பிஞ்சில்லா இருக்கும்? இது வரைஞ்சு வச்சது கணக்கா இருக்கு. ஒருக்க பாருங்க டீச்சர்.”

“காரணம் சொல்லிண்டே இருக்காதீங்கோ” என்று சொன்னேன். பார்க்கவில்லை. இதை எழுதும்போது எனக்குக் காது சுடுகிறது. மைக்ராஸ்கோப் என் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது.

எங்கள் ஸ்லைடு ரெஜிஸ்டரில் ஒவ்வொரு ஸ்லைடுக்கும் ஒரு வரி உண்டு. எண், மண் எடுத்த இடம், ஸ்லைடு செய்தவரின் முதலெழுத்து, கடைசியில் குறிப்பு. கோடு வந்த ஒவ்வொன்றுக்கும் அவர் எழுத்துக்கு நேரே நான் ‘உடைந்தது, கை அழுத்தம்’ என்று எழுதினேன். ஸ்லைடுகளைச் சேதமானவை பெட்டியில் போட்டேன். ஒரு நாள் மலையிலிருந்து பாடுபட்டுக் கொண்டுவந்த மண்ணில் நாலு கோடு வந்ததும் பொறுமை போய்விட்டது. இவர் கை கனம், இந்த வேலைக்குப் பொருத்தமில்லை என்று துறைத் தலைவருக்கு ஒரு குறிப்பு எழுதினேன். அண்ணாவைப் பின்கட்டில் கண்ணாடிச் சாமான்கள் கழுவும் அறைக்கு மாற்றினார்கள். அவர் ஊசியைத் துடைத்து என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு மைக்ராஸ்கோப் அறைக்குள் அவர் வந்ததே இல்லை. வாசலில் நின்று, “சாமானம் கழுவி வச்சிருக்கேன் டீச்சர்” என்பார், போய்விடுவார்.

ஸ்லைடு செய்யும் வேலையை நானே எடுத்துக்கொண்டேன். என் கையிலும் கோடு வந்தது. அப்போது குறிப்பில் என்ன எழுதினேன் தெரியுமா? ‘பசைநீர் சரியில்லை.’ அவர் கையில் வந்தால் கை கனம், என் கையில் வந்தால் பசைநீர் கெட்டது. இப்படியே ஆறு வருஷம் ஓடியது. இதில் இருக்கும் அநியாயம் ஒரு நாள்கூட எனக்கு உறைக்கவில்லை.

பிறகு வேறொரு கல்லூரியிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். இஞ்சிக் கிழங்கை அரிக்கும் பூச்சிகளை எங்கள் வேட்டைக்காரச் சிற்றுண்ணிகளைக் கொண்டு அடக்க முடியுமா என்று சோதிக்கிறாளாம். உயிரோடு கொஞ்சம் வேண்டும் என்றாள். உயிரோடு என்றதும் ஒரு நிமிஷம் யோசித்தேன். எங்களிடம் உயிரோடு எதுவும் இருப்பதில்லை. புனலுக்கு அடியில் ஆல்கஹாலை எடுத்துவிட்டு, அடியில் ஈரமான சுண்ணப்பசை தடவிய ஒரு கிண்ணத்தை வைத்தேன். மண்ணுக்கு மலைக்குப் போக நேரமில்லை. என் வீட்டுக் கொல்லையில், ஆற்றைப் பார்த்த மூலையில், வாழை மட்டையும் பலா இலையும் மக்கிக் கிடக்கும் இடத்திலிருந்து இரண்டு கை அள்ளிக்கொண்டு போனேன்.

மூன்றாம் நாள் காலை கிண்ணத்தை லென்ஸுக்குக் கீழே வைத்தேன். இருபது வருஷமாக இந்த உயிர்களின் பெயரில் சோறு தின்கிறேன். அவை ஓடுவதை நிதானமாக உட்கார்ந்து பார்த்தது அன்றுதான். நான் அறிந்ததெல்லாம் நசுங்கி, வெளுத்து, கையைக் காலை விரித்துக் கிடக்கும் பிரேதங்கள். இதுவோ பளபளவென்று தேன் நிறத்தில் இருந்தது. முன்னங்கால் இரண்டையும் தரையில் ஊன்றாமல் காற்றில் தூக்கித் துழாவிக்கொண்டே ஓடியது. கண் கிடையாது, அந்தக் கால்கள்தான் அதற்குக் கண். வயிற்றுக்குள் ஒரே ஒரு முட்டை வெள்ளையாகத் தெரிந்தது. குஞ்சில்லை, வளர்ந்த பெண்.

கிண்ணத்தின் ஓரத்தில் ஒரு வெள்ளைப் பூச்சி நின்றது. வாலுக்கடியில் விசை வைத்துத் துள்ளுமே, மழைக்காலத்தில் பூத்தொட்டியைத் தூக்கினால் சிதறி ஓடுமே, அந்த வகை. என் பெண் அதை நெருங்கி நின்றாள். முன்னங்கால் ஒன்று பூச்சியைத் தொட்டதோ இல்லையோ, வாய்க்கொடுக்குகள் இரண்டும் நீண்டு வந்து அதைப் பிடித்துவிட்டன. பூச்சி துள்ளியது. அந்தத் துள்ளலில் இரண்டும் உருண்டன. அவள் விடவில்லை. முன் பாதியைத் தரையோடு தரையாகத் தாழ்த்தி, பின் பாதியை மேலே தூக்கி, முதுகை வளைத்து இழுத்தாள்.

முதுகு வளைந்த இடம் அந்தக் கோடு.

நான் கண்ணை எடுத்துவிட்டு மறுபடி வைத்தேன். பெட்டி மூடியின் கீல் போல, இரண்டு தட்டுக்கும் நடுவே மெல்லிய வெள்ளைத் தோல் விரிந்தது, சுருங்கியது, மறுபடி விரிந்தது. வளர்ந்தும் குழந்தைப் பருவத்து இரண்டு துண்டை ஒன்றாக்கிக்கொள்ளாமல் வைத்திருந்தாள். அதைக் கொண்டுதான் வேட்டையாடினாள். இவள்மேல் யாரும் கண்ணாடி வைக்கவில்லை. யார் கையும் இவளைத் தொடவே இல்லை.

மலைக் காட்டில் அட்டைக்கடி பட்டுத் தேடியதெல்லாம் போக, நான் தினமும் துணி உலர்த்தும் கொடிக்குக் கீழே இவள் இருந்திருக்கிறாள். மனிதன் என்று ஒருவன் பிறப்பதற்கு எவ்வளவோ காலத்துக்கு முன்பிருந்தே இந்த முதுகை இப்படி வளைத்து வளைத்துச் சாப்பிட்டிருக்கிறாள். பெயர் இல்லாமல் அவளுக்கு ஒரு குறையும் வந்துவிடவில்லை. எனக்கு அந்த நிமிஷம் கோவில் நடையில் நிற்பது போலத்தான் இருந்தது. கை தானாகக் கூப்பிக்கொண்டது. அறையில் வேறு யாரும் இல்லாதது நல்லதாயிற்று.

அடுத்ததாக நினைவுக்கு வந்தது சேதமானவை பெட்டி. எடுத்து ஏழெட்டு ஸ்லைடுகளைப் பார்த்தேன். ஒரே இடத்தில், அதே இரண்டு ரோமங்களுக்கு நடுவே, ஓரம் பிசிறில்லாமல் அதே கோடு. போதும் என்று எழுந்துவிட்டேன். சந்தோஷம் ஒரு பக்கம், வெட்கம் ஒரு பக்கம். பின்கட்டுக்கு ஓடினேன்.

அண்ணா முழங்கைவரை சோப்பு நுரையோடு நின்றிருந்தார். “அண்ணா, கொஞ்சம் உள்ளே வாங்கோ” என்றேன்.

“உள்ளயா?” என்றார். கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். வாசலில் ஒரு விநாடி நின்றுவிட்டுத்தான் காலை உள்ளே வைத்தார்.

லென்ஸில் கண்ணை வைத்தார். “ஓடுது” என்றார் முதலில். மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறார் என்று தெரிந்தது.

“டீச்சர், இது உடையல்ல இல்லியா?”

“இல்லே அண்ணா. உடையவே இல்லே.”

“அப்போ பெட்டியில கெடக்கியது?”

“அதுவும் உடையலே. நீங்க அன்னிக்கே சொன்னேள். நான்தான் பாக்கலே. தப்பு என்னோடது.”

அவர் சந்தோஷப்படுவார், அல்லது திட்டுவார், அல்லது ரெண்டு சொட்டுக் கண்ணீராவது விடுவார் என்று எதிர்பார்த்தேன். “அடுப்பில சாமானம் வெந்திட்டு இருக்கு டீச்சர்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அடுத்த சில மாதங்கள் பேயாக வேலை செய்தேன். இதே குடும்பத்தில் இப்படிப்பட்ட முதுகு உள்ள பேரினம் எதுவும் இல்லை என்று உறுதி செய்யவேண்டும். வெளிநாட்டில் இதே வேலை செய்யும் ஒரு அம்மாளுக்குப் படங்களை அனுப்பினேன். அவரும் தன் சேகரிப்பை எல்லாம் புரட்டிவிட்டு, தனக்குத் தெரிந்த எந்த வீட்டிலும் இது சேராது என்று எழுதினார். துறைத் தலைவரிடம் போய் என் பழைய குறிப்பு தவறு என்று எழுதிக் கொடுத்தேன். அண்ணா பழைய மேசைக்குத் திரும்பினார். புதுப் பெயர் வைத்தால் அந்தப் பெயருக்குச் சாட்சியாக ஒரு ஸ்லைடைத் தேர்ந்தெடுத்து எந்தக் காலத்துக்கும் காப்பாற்றி வைக்கவேண்டும் என்பது எங்கள் விதி. அதை அவர்தான் செய்யவேண்டும் என்றேன். “கை பழகட்டும்” என்று சொல்லி, ஒரு வாரம் சாதாரண உயிர்களில் பழகிவிட்டுச் செய்தார். ஒரு குமிழி இல்லை.

பேரினத்துக்குப் பெயர் தேடுவது வரன் தேடுவது மாதிரி. நான் ஆசைப்பட்டு வைத்த முதல் பெயர், எந்தக் காலத்திலோ யாரோ ஒரு வண்டுக்கு வைத்த பெயர் என்று தெரிந்தது. ஒரு விலங்குக்கு வைத்த பேரினப் பெயரை இன்னொன்றுக்கு வைக்கக்கூடாது. இரண்டாவது, முதுகு வளைவதைக் குறிக்கும் கிரேக்கச் சொல், அது பொருந்தியது. அந்தப் பெயருக்குப் பின்னால் இனத்தின் பெயராக இன்னொரு சொல் வரவேண்டும். அதற்கு யாரை நினைத்திருந்தேன் என்று சொல்லவேண்டியதில்லை.

“அண்ணா, இதுக்கு உங்க பேரை வைக்கப் போறேன்” என்றேன், பெரிய வரம் கொடுப்பவள் மாதிரி.

அவர் நெயில் பாலிஷ் பூசிக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை. “அதை யாரு வாசிப்பா?”

“உலகத்துல இந்தப் பூச்சியைப் பாக்கறவா எல்லாரும்.”

“எத்தற பேரு இருப்பாவ?”

“ஒரு இருபது பேர்.”

சிரித்துவிட்டார். ஆறு வருஷத்துக்குப் பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார்: “நம்ம ரெஜிஸ்டரை இங்க எல்லாரும் வாசிக்கும் டீச்சர். புதுசா வாற பிள்ளைய முதல்ல அதைத்தான் மறிச்சுப் பாக்கும். அதில எனக்க எழுத்துக்கு நேரே கை அழுத்தம், கை அழுத்தம்ண்ணு பக்கம் பக்கமா கெடக்கு. நான் சாமானம் கழுவப் போன பொறவும் அது அங்கதான் கெடந்துது. அதை முதல்ல மாத்துங்க. பேரெல்லாம் பொறவு பாக்கலாம்.”

பெயர் வைப்பதே தொழிலாக இருந்தவள், அவருக்கு நான் வைத்திருந்த பெயரை மறந்தே போயிருந்தேன். இனத்துக்கு அவர் பெயரைத்தான் பிறகு வைத்தேன், அச்சிலும் வந்துவிட்டது. ஆனால் அன்று ரெஜிஸ்டரைத்தான் எடுத்தேன்.

அதில் அழிக்கக்கூடாது, வெள்ளை மை பூசக்கூடாது. தவறான சொல்லின்மேல் ஒரே ஒரு கோடு போட்டு, பக்கத்தில் சரியானதை எழுதி, கையெழுத்தும் தேதியும் போடவேண்டும். அண்ணா எழுத்துக்கு நேரே இருபத்திரண்டு வரிகள். நான் மடமடவென்று வெட்டப் பார்த்தேன். அவர் என் கையை மறித்தார்.

“ஒவ்வொண்ணும் பாத்துட்டு வெட்டுங்க டீச்சர்.”

“எல்லாம் ஒண்ணுதானே அண்ணா?”

“அண்ணைக்கும் பாக்காமத்தானே எழுதினீங்க.”

அவர் பெட்டியிலிருந்து ஒவ்வொரு ஸ்லைடாக எடுத்து லென்ஸுக்குக் கீழே வைத்தார். நான் பார்த்தேன், அவரும் பார்த்தார், பிறகு வெட்டினேன். அகத்தியமலை அடிவாரம், நெய்யாற்றங்கரை வாழைத் தோட்டம், எங்கள் வளாகத்து வேலியோரம். ஒவ்வொன்றிலும் அதே இடத்தில் அதே கோடு. ஒவ்வொரு முறையும் அது எனக்குப் புதிதாகவே இருந்தது. ‘உடைந்தது, கை அழுத்தம்’ என்பதை அடித்து, பக்கத்தில் புதுப் பேரினத்தின் பெயரை எழுதினேன். பத்து வரி ஆனதும் கண் கரித்தது, மூக்கை உறிஞ்சினேன். அவர் பார்க்காதது போல் அடுத்த ஸ்லைடை வைத்தார்.

பதினேழாவதில் லென்ஸில் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பேனாவை அந்த வரிக்குக் கொண்டுபோனேன். கோடு இருந்தது; எனக்கு அது போதுமாக இருந்தது.

“நில்லுங்க டீச்சர்” என்றார் அண்ணா. ஸ்லைடை நகர்த்தி, வெளிச்சத்தைக் கூட்டி, மறுபடி குனிந்து பார்த்தார். “இது கோணலா போகுது. ஓரம் பிஞ்சிருக்கு. இங்க பாருங்க, ரோமத்தையும் தாண்டிப் போச்சு.”

பார்த்தேன். அவர் சொன்னது சரி. அது சாதாரண உயிர், நன்றாகவே உடைந்த முதுகு.

“எனக்க மோளுக்குப் பரீட்சை ரிசல்ட் வந்த நாளாக்கும். கை நின்னு கேக்கல்ல. இது நான் அமுக்கினதுதான்.” அவர் ரெஜிஸ்டரை என் பக்கமிருந்து தன் பக்கம் இழுத்து, அந்த வரியின்மேல் விரலை வைத்து மறைத்துக்கொண்டார். “இதை வெட்டாதீங்க.”

பேனாவை எடுத்துவிட்டேன். அந்த வரி இன்றும் அவர் எழுத்துக்கு நேரே அப்படியே இருக்கிறது: உடைந்தது, கை அழுத்தம்.